டூன் பக்கி மக்கர் செய்தால் எங்கிருந்து தொடங்குவது

டூன் பக்கி என்பது மணல்மேட்டில் ஓட்டும் திறந்த வண்டி. என் பக்கியின் பதிவுத் தாளில் 1969 ஃபோக்ஸ்வாகன் என்றுதான் இருக்கும். நேரில் பார்த்தால் ஃபோக்ஸ்வாகனின் பீட்டில் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கதவு கிடையாது, கூரை கிடையாது, மேலே இருப்பது ஒரு ஃபைபர்கிளாஸ் தொட்டி. அடியில் இருக்கும் தளமும் பின்னால் தொங்கும் 1600 சி.சி. எஞ்சினும்தான் பீட்டிலுடையவை. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை வாங்கிவந்து 6 வருடம் ஆகிறது. இத்தனை நாளில் அது ஓடிய நேரத்தைவிட நான் அதற்கு அடியில் படுத்திருந்த நேரம் அதிகம். குறையாகச் சொல்லவில்லை, அதற்காகத்தானே வாங்கியது.

இந்த வகை வண்டிக்கு வழிபோட்டவர் புரூஸ் மேயர்ஸ். படகு கட்டிப் பழகியவர், ஃபைபர்கிளாஸ் அவருக்குக் கைவந்த பொருள். 1964-இல் நியூபோர்ட் பீச்சில் தன் பெயரிலான பக்கியை, முதல் மேயர்ஸ் மேங்ஸைச் செய்தார். முதல் சில வண்டிகளுக்குப் பிறகு, பீட்டில் தளத்தின் நடுவில் சுமார் 36 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, குட்டையான அந்தத் தளத்தின்மேல் பொருந்துகிற மாதிரி உடம்பை மாற்றிக்கொண்டார். 1967-இல் மேயர்ஸ் மேங்ஸில் மேயர்ஸும் கூட வந்தவரும் மெக்சிகோவின் டிஹுவானாவுக்கும் லா பாஸுக்கும் இடைப்பட்ட கரடுமுரடான பாஹா வழியை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை 5 மணி நேரத்துக்கு மேல் குறைத்தார்கள். அப்புறம் என்ன, ஆளாளுக்கு அச்செடுத்து விற்கத் தொடங்கினார்கள். காப்புரிமை வழக்கிலும் மேயர்ஸ் தோற்றார். என்னுடையதும் அப்படி ஒரு நகல்தான்.

எஞ்சினுக்குப் பழுதுபார்க்கும் புத்தகம் உண்டு. பக்கிக்கு இல்லை. யாரோ ஒருவர் சனி ஞாயிறுகளில், கையில் கிடைத்த வயரையும் போல்ட்டையும் வைத்துச் சேர்த்த வண்டி இது. ஆகவே கோளாறைத் தேடும்போது, தொழிற்சாலையில் செய்த பாகத்தைவிட இரண்டு பாகம் சேரும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். பழைய சொந்தக்காரர் எதை வெட்டினார், எதை ஒட்டினார், எது எதற்கு என்று புரியாமல் தூக்கிப் போட்டார்? கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் வந்து முடியும்.

கார்புரேட்டருக்குப் போகும் முன்

வண்டி சரியாக ஓடவில்லை என்றதும் கை தானாக ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டர் பக்கம் போகும். போகவிடாதீர்கள். முதலில் டாப்பெட் (வால்வு இடைவெளி), அடுத்து பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறிக்காகத் திறந்து மூடும் தொடர்பு), அதற்கடுத்து டைமிங் (பொறி வரும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றின் கோளாறை இன்னொன்றின் ஸ்க்ரூவை வைத்து மூடிமறைத்துவிடுவீர்கள். அப்புறம் எது சரி, எது தவறு என்றே தெரியாது. நான் ஒரு முழு மாதத்தை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

டாப்பெட் பார்க்க எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தியதைக் காலையில் தொடுவது உத்தமம். இடைவெளி 0.15 மி.மீ. பழைய சொந்தக்காரர் குரோமோலி எஃகில் செய்த புஷ்ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) போட்டிருந்தால் கணக்கு வேறு. அதற்கு இடைவெளியே வைப்பதில்லை, ராடு விரலால் சுழலும் அளவுக்கு விட்டால் போதும். சிலிண்டர் எண்கள் வண்டி போகும் திசையை வைத்து: வலப்பக்கம் முன்னால் 1, அதன் பின்னால் 2, இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரின் முனை அதன் விளிம்பிலுள்ள வெட்டுக்குறியைப் பார்க்கும்போது முதல் சிலிண்டர். அதை முடித்ததும் புல்லியைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைச் சுற்று சுற்றினால் 2 வரும், இன்னும் அரைச் சுற்றில் 3, பிறகு 4. தீப்பொறி வரிசை 1-4-3-2 என்பதால், பின்பக்கமாகச் சுற்றும்போது எண்கள் நேர்வரிசையில் வருகின்றன.

ஒவ்வொரு முறையும் ஒரே எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மட்டும் குறைந்திருந்தால், சரிசெய்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். வால்வின் தண்டு நீள்கிறது, அல்லது அது உட்காரும் இடம் உள்ளே இறங்குகிறது. தலை முறிந்து பிஸ்டன்மேல் விழுந்தால் எஞ்சினே போச்சு. பழைய மாடல்களில் இது 3-ஆம் சிலிண்டரில் அதிகம் நடக்கும். ஆயில் கூலர் அந்தப் பக்கத்து மூடிக்குள்ளேயே நின்று காற்றை மறிப்பதுதான் காரணம். 1971 வாக்கில் கூலரைத் தள்ளிவைத்துத் தனிக் கூண்டு கொடுத்தார்கள்.

பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. அதை மாற்றினால் டைமிங்கும் நகரும், அதனால் டைமிங் அதற்கடுத்துத்தான். பக்கிகளில் பெரும்பாலும் 009 என்ற ரக டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். எஞ்சின் நின்ற நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல்மையத்துக்கு 7.5 டிகிரி முன்னால் வைப்பார்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோகும்போது மொத்தம் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இரண்டில் எதை நம்புவது என்று வந்தால் மேல்சுற்றுக் கணக்கை நம்புங்கள். எஞ்சினைச் சுட்டுப் பொசுக்குவது அதுதான்.

செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அவ்வளவுதான். பேட்டரி நன்றாக இருக்கிறது, முனைகள் சுத்தம். அடுத்து எர்த்தைப் பாருங்கள். கியர்பாக்ஸ் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது. அதன் மூக்கிலிருந்து தளத்துக்கு ஒரு பின்னல் பட்டை போக வேண்டும். என் வண்டியில் அந்தப் பட்டையே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் முழுவதும் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஓடியிருக்கிறது. ஒருநாள் கேபிளைத் தொட்டபோது சுட்டது, அப்போதுதான் விளங்கியது. உங்கள் வண்டியிலும் ஆக்சிலேட்டர் கேபிள் காரணமில்லாமல் இறுகினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எடுக்கிறது, ஓட்டி நிறுத்திப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை. ஸ்டார்ட்டர்மேல் இருக்கும் மின்காந்த ஸ்விட்சான சொலினாய்டுக்குப் போகும் சிறிய வயர், பேட்டரியில் கிளம்பி முன்னால் சாவிவரை போய், திரும்பப் பின்னால் வருகிறது. வழிநெடுக இணைப்புகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் இழப்பு. சூட்டில் சொலினாய்டுச் சுருளின் தடையும் கூடுகிறது. சாவியைத் திருப்பிப் பிடித்தபடி அந்த முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு ரிலே போட்டுவிடுங்கள். சாவி ரிலேயை மட்டும் இயக்கும், சொலினாய்டுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் போகும். நான் இதைச் செய்வதற்கு முன்பு இரண்டு ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டேன், இரண்டும் பழுதில்லாத ஸ்டார்ட்டருக்கு மாற்றாக.

சுற்றுகிறது, ஆனால் கிழவன் மாடிப்படி ஏறுவதுபோலச் சுற்றுகிறது என்றால் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் வெண்கலப் புஷ்ஷைப் பாருங்கள். ஸ்டார்ட்டரின் முனைத் தண்டு அதில்தான் தாங்கி நிற்கிறது. அது தேய்ந்தால் தண்டு சாய்ந்து உரசும். ஸ்டார்ட்டரை மாற்றுகிறவர்கள் பத்து ரூபாய்ப் பொருள் மாதிரியான இந்தப் புஷ்ஷை மறந்துவிடுகிறார்கள்.

நன்றாக ஓடியது, பத்து நிமிடத்தில் நின்றது

நின்றதும் இறங்கி முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் டாங்க்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, வேறெதையும் தொட வேண்டாம். சத்தம் இல்லையா? ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் சாய்த்துவைத்து, எஞ்சினைச் சுழலவிட்டுப் பொறியைப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சரையோ காயிலையோ சந்தேகப்படலாம். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பிழைப்பது இந்த இரண்டின் குணம். கண்டன்சரைப் புதிதாக வாங்கிப் போட்டால்கூட பழையதைத் தூக்கிப் போடாமல் வண்டியில் வைத்திருப்பேன். புதியது ஒரு வாரத்தில் செத்துப் பழையது கைகொடுத்த அனுபவம் உண்டு.

இன்னொன்று, குளிர்காலத்து விடியற்காலையில் வருவது. ஓடிக்கொண்டே சக்தி குறைந்து நிற்கும், 5 நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் குழாயைத் தடவிப் பாருங்கள், உறைபனி படிந்திருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, அதனால் அந்தக் குழாய் குளிர்ந்து ஈரம் பனியாகிறது. தொழிற்சாலை வண்டியில் எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் மேலே வந்து அதைச் சூடாக்கும். பக்கிக்கு அழகாக இருக்கட்டும் என்று திறந்த எக்ஸாஸ்ட் போட்டவர்கள் அந்த இணைப்பை விட்டுவிடுவார்கள். இருந்தாலும் பல வருடப் புகைக்கரி உள்ளே அடைத்திருக்கும்.

மிதித்தால் திக்குகிறது

ஐட்லிங் நன்றாக இருக்கிறது, வேகம் பிடித்தபின் நன்றாக இருக்கிறது, நடுவில் மிதித்த அந்த நொடியில் மட்டும் ஒரு விக்கல். 34 பிக்ட் 3 கார்புரேட்டரும் 009 டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே எஞ்சினில் இருந்தால் இது ஏறக்குறைய பிறவிக் குணம். அந்தக் கார்புரேட்டர் வேக்குவம் வைத்த, அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக்கொண்டு டைமிங்கை நகர்த்தும் டிஸ்ட்ரிபியூட்டருக்காகச் செய்தது. மிதித்த உடனே டைமிங் முன்னேற வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. 009-க்கு வேக்குவம் கிடையாது, எஞ்சின் வேகம் ஏறிய பிறகுதான் அது நகரும். ஆக்சிலேட்டர் பம்ப்பின் பீச்சலைக் கூட்டி, ஐட்லிங் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. என் யோசனை, வேக்குவம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப் போடுங்கள். ஜெட்டோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சம்.

அதற்கு முன்பு காற்று கசிகிறதா என்றும் பாருங்கள். டூயல் போர்ட் எஞ்சினில் நடுக்குழாயையும் பக்கத்துக் குழாய்களையும் சேர்ப்பவை இரண்டு ரப்பர் உறைகள். வெயிலில் நிற்கும் வண்டியில் அவை வெடித்துவிடும். ஐட்லிங் ஏறி இறங்கும், காலை எடுத்தால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். எஞ்சின் சூடாவதற்கு முன், ஐட்லிங்கில் விட்டு, உறைகளின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டும் தேய்ந்து ஆடும், அந்த இடைவெளியிலும் காற்று புகும். அதற்குப் புஷ் அடித்துத்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் வாடை

நிறுத்துங்கள். 'வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இதற்கு மட்டும் கூடாது.

இந்த எஞ்சின்களின் கூடு மக்னீசியக் கலவை. பெட்ரோல் தீ ஆரம்பத்தில் இருக்கும்போது உலர்பொடி அணைப்பானால் அடக்கிவிடலாம். கூடே பற்றிக்கொண்டால் தள்ளிப் போய் நிற்பதுதான் வேலை. தண்ணீர் ஊற்றினால் மக்னீசியம் இன்னும் மூர்க்கமாக எரியும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று ரப்பர் ஹோஸ். விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, நுனி மாவுபோல் இருக்கிறதா? இங்கே விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரக ஹோஸ் சீக்கிரம் கெடுகிறது. இரண்டாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய். அது அழுத்திச் செருகியது மட்டுமே. சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்து ஹோஸோடு கழன்றுவரும், பெட்ரோல் நேராக டிஸ்ட்ரிபியூட்டர்மேல் பீச்சும். கையால் திருகிப் பார்த்து ஆடினால் மாற்றுங்கள். மூன்றாவது ஃபில்டர். பார்க்க வசதி என்று எஞ்சினுக்கு மேலேயே தொங்கவிட்டிருப்பார்கள். அதன் எடையே ஹோஸை இழுத்துக் கழற்றும். கீழே, கியர்பாக்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் போட்ட வண்டி என்றால் அழுத்தத்தையும் பாருங்கள். இந்தக் கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. போதும். 6, 7 தரும் பம்ப் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு வழியவிடும். பழைய ரகப் பம்ப் என்றால் அதை இயக்கும் ராடின் நீளம் முக்கியம். டைனமோ காலத்துப் பம்ப்புக்கு 108 மி.மீ., ஆல்டர்னேட்டர் காலத்ததற்கு 100 மி.மீ. மாற்றிப் போட்டால் ஒன்று பெட்ரோலே வராது, இல்லை பம்ப்பை உடைக்கும்.

எஞ்சின் சூடேறுகிறது

தண்ணீர் இல்லாத எஞ்சின். காற்றும் எண்ணெயும்தான் அதைக் காப்பாற்ற வேண்டும், அந்தக் காற்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது சுற்றியிருக்கும் தகரங்கள். பக்கி கட்டுகிறவர்களுக்கு அந்தத் தகரங்களைக் கண்டாலே ஆகாது. எஞ்சின் வெளியே தெரிய வேண்டும், குரோம் மின்ன வேண்டும்.

எண்ணெய்ச் சூடு 80-இலிருந்து 105 டிகிரி செல்சியஸ்வரை இருந்தால் கவலையில்லை. 120-ஐத் தொட்டால் ஓரங்கட்டிக் காரணம் தேடுங்கள். நான் பார்க்கும் வரிசை இது. விசிறிக் கூண்டின் இரண்டு பக்கமும் ஹீட்டர் ஹோஸ் மாட்டும் வாய்கள் இருக்கும். ஹீட்டரைக் கழற்றியவர் அவற்றை மூடாமல் விட்டிருந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வெளியே வீணாகிறது. அடுத்து, எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிரிக்கும் சுற்றுத் தகரம். அது இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட்டின் வெப்பக்காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். மூன்றாவது, சிலிண்டர்களுக்கு அடியில் இரண்டுக்கும் நடுவே மாட்டும் சின்னத் தகரம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் 'மிச்சம் வந்துவிட்டது' என்று வைத்துவிடும் சாமான் அதுதான். என் வண்டியோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அந்த இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள்!

தகரமெல்லாம் சரி, இன்னும் சூடு என்றால் டைமிங்குக்குத் திரும்புங்கள்.

சிவப்பு விளக்கு

பீட்டிலில் இரண்டு எச்சரிக்கை விளக்குகள், ஒன்று சார்ஜிங், ஒன்று ஆயில். பக்கியில் டாஷ்போர்டு வீட்டில் செய்தது, எது எது என்று எழுதியிருக்காது. முதல் வேலையாக எழுதி ஒட்டுங்கள்.

ஓடும்போது சார்ஜிங் விளக்கு எரிந்தால், மற்ற கார்களைப்போல வீடுவரை ஓட்டிப் பார்க்க முடியாது. விசிறியைச் சுற்றுவதே டைனமோவின் தண்டுதான். பெல்ட் அறுந்திருந்தால் எஞ்சினுக்குக் காற்றே இல்லை. உடனே நிறுத்திப் பின்னால் போய்ப் பாருங்கள். பெல்ட் இருக்கிறது என்றால் பிரஷ்ஷோ ரெகுலேட்டரோ, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். பெல்ட் இறுக்கத்துக்கு நகரும் தாங்கி கிடையாது. புல்லி இரண்டு பாதியாகப் பிரியும், நடுவில் வளையத் தகடுகள் இருக்கும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும். எடுத்ததை நட்டுக்கு அடியில் வெளியே போட்டுவையுங்கள், தொலையாது. கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. இறங்க வேண்டும்.

ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்து அளவுக் குச்சியைப் பாருங்கள். மொத்தமே 2.5 லிட்டர்தான் என்பதால் அரை லிட்டர் குறைவதும் பெரிய விஷயம். அளவு சரியாக இருந்தால், எஞ்சினை அணைத்தபடியே சாவியை மட்டும் போட்டு ஸ்விட்சிலிருந்து வயரைக் கழற்றுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் வயர் எங்கோ உலோகத்தில் உரசுகிறது. அணைந்தால் ஸ்விட்சையோ அழுத்தத்தையோ சந்தேகப்பட வேண்டும், மீட்டர் மாட்டிப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். செங்குத்தான மேட்டில் ஏறும்போது மட்டும் மினுக்கினால், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கிறது. ஆழமான சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) போடலாம், அல்லது அந்த மேட்டை விட்டுவிடலாம்.

எண்ணெய் ஒழுகுகிறது

ஒழுகாத எஞ்சின் இருந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள் என்பது இங்கே பழைய நக்கல். சம்ப் தட்டின் நட்டுகளை இறுக்கி இறுக்கித் திருகை உருவிவிடுவார்கள், அவற்றுக்கு 5 அடி-பவுண்டு இறுக்கம் போதும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் மோந்து பாருங்கள். கியர் ஆயிலின் வாடை தனி. எஞ்சின் ஆயில் என்றால் ஃபிளைவீல் சீல். சீலை மாற்றும் முன்பு புல்லியைக் கையால் முன்னும் பின்னும் இழுங்கள். 'டொக் டொக்' என்று ஆடினால் கிராங்க்கின் முன்பின் ஆட்டம் கூடிவிட்டது. 0.15 மி.மீ. கடைசி எல்லை. அதைத் தாண்டிய எஞ்சினுக்கு எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

கிளம்பும்போது பின்சக்கரத்தில் டக்

நிற்கும் வண்டி கிளம்பும்போது ஒரு 'டக்', ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றினால் இன்னொரு 'டக்'. பலர் கியர்பாக்ஸ் என்று பயந்துவிடுவார்கள். பின்சக்கரத்தின் 36 மி.மீ. நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் டிரம்மின் உள்பற்கள் அச்சின்மேல் அடித்து அடித்துத் தேயும். விட்டுவைத்தால் ஒருநாள் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

217 அடி-பவுண்டு இறுக்கம் வேண்டும். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் நீளக் கைப்பிடியைத் தரைக்கு இணையாக வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். 217-ஐ உங்கள் எடையால், பவுண்டில், வகுத்தால் வருவது நட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது. 160 பவுண்டு ஆள் என்றால் சுமார் 1 அடி 4 அங்குலம். சக்கரம் தரையில் இருக்கட்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பூட்டு ஊசியின் துளை நேராக வரவில்லையா? இன்னும் இறுக்குங்கள், பின்னால் தளர்த்தாதீர்கள்.

கியரும் கிளட்சும்

தளத்தை 36 செ.மீ. வெட்டும்போது கியர் ராடையும் அதே அளவு வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒட்டும்போது சில டிகிரி முறுகியிருந்தால் ரிவர்ஸ் கிடைக்காது, அல்லது இரண்டாவது கியர் துப்பும். கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் ராடின் கப்ளரையும், சுரங்கத்துக்குள் இருக்கும் புஷ்ஷையும், லீவருக்கு அடியிலுள்ள தகட்டின் திசையையும் பாருங்கள்.

கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கினால், கிளட்ச் தட்டை வாங்கும் முன் கேபிள் போகும் வளைகுழாயைப் பாருங்கள். அதில் 25 முதல் 45 மி.மீ. தொய்வு வேண்டும். நேராக இழுத்துக் கட்டியிருந்தால் எஞ்சின் ஆடும்போதெல்லாம் கேபிளும் இழுபடும். பெடல் பிளே 10 முதல் 20 மி.மீ.

சிரிப்புக்கு ஒன்று. எஞ்சினை நடுவில் வைத்துக் கட்டும் கம்பிக்கூட்டுப் பக்கிகளில் கியர்பாக்ஸ் திரும்பி உட்காரும். உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போட மறந்தவருக்கு நான்கு ரிவர்ஸும் ஒரு முன்கியரும் கிடைக்கும்.

ஸ்டியரிங் அலைகிறது, பிரேக் ஆழத்துக்குப் போகிறது

பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர் என்றால் மூக்கு தாழ்கிறது, காஸ்டர் கோணம் (முன்சக்கரத்தை நேராக ஓடவைக்கும் பின்சாய்வு) குறைகிறது, நேர்சாலையிலேயே வண்டி மிதக்கிறது. முன் பீமின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் காஸ்டர் ஷிம் என்ற சாய்வுத் தகடு வைத்தால் தெளியும். குறிப்பிட்ட வேகத்தில் சக்கரம் கிடுகிடுவென்று ஆடினால் டயர் பேலன்ஸ், டை ராடு முனைகள், ஸ்டியரிங் டேம்பர், இந்த வரிசையில். முன்பக்கம் எடை மிகக் குறைவு, கார் டயருக்கு எழுதியிருக்கும் காற்றை அடித்தால் கல்போலத் துள்ளும்.

பிரேக்குக்குப் பெடலே பதில் சொல்லும். இரண்டாவது முறை மிதித்தால் உயர்ந்து வருகிறதா? ஷூவை நட்சத்திரச் சக்கரத்தில் சரிசெய்யுங்கள். பஞ்சுபோல் அமுங்குகிறதா? காற்று. மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறதா, வெளியே கசிவும் இல்லையா? மாஸ்டர் சிலிண்டர். கடைசியாகச் சொன்னது இருந்தால் தெருமுனைவரைகூட ஓட்டாதீர்கள்.

விளக்குகள் பேய்பிடித்ததுபோல எரிகின்றன

இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் மினுக்குகிறது. ஹெட்லைட் போட்டால் ஹார்ன் கம்முகிறது. காரணம் ஒன்றே ஒன்று: ஃபைபர்கிளாஸ் கரன்ட்டைக் கடத்தாது. இரும்பு உடம்புள்ள காரில் விளக்கை எங்கே போல்ட் போட்டாலும் எர்த்து கிடைத்துவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த்து வயர் தளம்வரை போக வேண்டும். ஒன்று அறுந்தால் கரன்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஜெர்மன் வண்டியில் பழுப்பு நிறம் எர்த்து. என் வண்டியைக் கட்டியவர் வீட்டு வயரிங் பழகியவர் போலிருக்கிறது, அமெரிக்க வீடுகளில் கரன்ட் உள்ள வயர் கருப்பு. நானோ கார்களில் கருப்புதானே எர்த்து என்று தளத்தில் பூட்டி, மூன்று பியூஸைக் கருக்கியபிறகு மீட்டரை எடுத்தேன்.

மணலுக்குப் போய் வந்தபின் எண்ணெய் கரகரக்கிறது

எனக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். தேரி மணல் எந்தச் சந்தில் எல்லாம் புகும் என்று சின்ன வயதிலேயே தெரியும். கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் கிளாமிஸ் மணல்மேடுகளும் அதே ரகம். ஏர் ஃபில்டரை எல்லோரும் பார்ப்பார்கள், புல்லியை மறப்பார்கள். இந்த எஞ்சினில் புல்லிப் பக்கம் ரப்பர் சீலே இல்லை, எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் ஒரு திருகு வரி மட்டும்தான். சாலையில் அது போதும். மணலில் அந்த இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போகும். மணல் சீல் வைத்த புல்லி என்று தனியாகவே விற்கிறார்கள். அதைப் போடும்வரை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எண்ணெயை மாற்றி, வடிகட்டியைக் கழற்றி விரலால் தேய்த்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் காவலர் நிறுத்துகிறார்

கொடி இல்லை. கிளாமிஸில் தரையிலிருந்து 8 அடி உயரத்துக்குக் கம்பும் அதன் நுனியில் கொடியும் கட்டாயம். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறவருக்கு உங்கள் வண்டி தெரியாது, கொடிதான் தெரியும். என்னுடையது ஒரு முறை வழியிலேயே முறிந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒரு கம்பு கொடுத்தார், பதிலுக்கு என் உபரி விசிறி பெல்ட்டை அவர் வண்டிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.